1964 வாக்கெடுப்பும் திருடப்பட்ட தேர்தல்களும்: அமெரிக்கக் கட்சிக் கட்டுக்கதைகளைச் சோதிப்பது எப்படி?

புதுவாக்காளர்:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நான், வரும் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்க இருக்கிறேன். எந்தக் கட்சியின் பெயரிலும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவில்லை. என் அலுவலகத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர் ஆளுக்கொரு கட்சியைத் தீவிரமாக ஆதரிப்பவர்கள். என்னைத் தம் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று இருவருமே வரலாற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

குடியரசுக் கட்சி ஆதரவாளர் சொல்வது இது: அடிமை முறையைக் காத்ததும், வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானை வளர்த்ததும், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை மறுத்ததும் ஜனநாயகக் கட்சிதான், இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியினரைவிடக் குடியரசுக் கட்சியினரே அதிக விகிதத்தில் ஆதரவளித்தார்கள், பின்னாளில் இரு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன என்பது பேராசிரியர்கள் கட்டிவிட்ட கதை. மற்றவர் சொல்வது இது: அந்தச் சட்டம் நிறைவேறியதுமே தெற்கின் இனவாதிகள் ஒட்டுமொத்தமாகக் குடியரசுக் கட்சிக்குத் தாவிவிட்டார்கள்; ஆகவே அதற்கு முந்தைய வரலாற்றை இன்றைய ஜனநாயகக் கட்சியின் கணக்கில் எழுதுவது மோசடி. இருவரும் காட்டிய எண்களைத் தேடிப் பார்த்தேன். எண்கள் பொய்யில்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. தொலைக்காட்சியில் வேட்பாளர்களின் விளம்பரங்களில் அப்பட்டமான பொய்கள் வருகின்றன. பற்பசை விளம்பரத்தில் பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கும் நாட்டில் இதற்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? அடுத்து, தேர்தல் திருடப்பட்டது என்று இரு தரப்புமே ஏதேனும் ஓர் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்கின்றன. அவற்றை ஒரே தட்டில் வைப்பது சரியா? "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்ற விடை எனக்கு வேண்டாம். அது சிந்திக்கும் வேலையிலிருந்து நழுவும் வழி என்றே எனக்குப் படுகிறது.

ஏட்டுச்சுவடி:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன், அதுவே நீளும். எண்கள் பொய்யில்லை என்று நீங்கள் கண்டது சரி. அமெரிக்கக் கட்சிப் பிரச்சாரத்தில் நீண்ட காலம் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் முழுப் பொய்களாக இருப்பதில்லை. மெய்யான ஒரு செய்தியின் ஓரங்களைக் கத்தரித்து, நடுப்பகுதியை மட்டும் கையில் கொடுப்பவையாக இருக்கின்றன. 1964 வாக்கெடுப்பு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதா 1964 பிப்ரவரியில் 290க்கு 130 என்ற கணக்கில் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினரில் 152 பேர் ஆதரித்தார்கள், 96 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியினரில் 138 பேர் ஆதரித்தார்கள், 34 பேர் எதிர்த்தார்கள். அதாவது ஜனநாயகக் கட்சியில் 61 விழுக்காடு ஆதரவு, குடியரசுக் கட்சியில் 80 விழுக்காடு ஆதரவு. உங்கள் முதல் நண்பர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்.

இப்போது அதே வாக்குகளை, உள்நாட்டுப் போரில் பிரிந்து சென்ற 11 தென் மாநிலங்கள் என்றும், மற்ற மாநிலங்கள் என்றும் பிரித்துப் பாருங்கள். தெற்குக்கு வெளியே ஜனநாயகக் கட்சியினர் 145 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியினர் 138 பேர் ஆதரவு, 24 பேர் எதிர்ப்பு. தெற்கில் ஜனநாயகக் கட்சியினர் 7 பேர் ஆதரவு, 87 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியினர் 10 பேர், பத்துப் பேருமே எதிர்ப்பு. தெற்கிலும் சரி, தெற்குக்கு வெளியிலும் சரி, ஜனநாயகக் கட்சியினரே கூடுதல் விகிதத்தில் ஆதரித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் கூட்டினால் குடியரசுக் கட்சி முன்னால் நிற்கிறது. தெற்கின் இடங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே கட்சியிடம் இருந்ததால் வந்த விளைவு இது. செனட்டிலும் இதே வடிவம்தான்: மொத்தம் 73க்கு 27, தெற்கின் ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் ஆதரித்தவர் டெக்சாஸின் ரால்ஃப் யார்பரோ ஒருவரே, எதிர்த்தவர்கள் 20 பேர்.

இதனால் முதல் நண்பரின் கூற்று வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. மசோதாவை முடக்குவதற்காகத் தென் மாநிலச் செனட்டர்கள் வாரக்கணக்கில் மாறிமாறிப் பேசிக்கொண்டே இருந்தபோது, அந்த விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவர மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. அவற்றைத் திரட்டித் தந்தவர் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன். அவர் இல்லாமல் அந்தச் சட்டம் இல்லை. இந்தப் பெருமை அக்கட்சிக்கு உரியதுதான். ஆனால் அதே ஆண்டு அக்கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்திய பேரி கோல்ட்வாட்டர், அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த ஆறு குடியரசுக் கட்சிச் செனட்டர்களில் ஒருவர். அவர் 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர் என்பதையும், 1964 சட்டத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று காரணம் கூறியவர் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நவம்பரில் அவர் வென்றவை ஆறே மாநிலங்கள்: சொந்த மாநிலமான அரிசோனா, பிறகு மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூயிசியானா, தென் கரோலினா. அவருடைய காரணம் எதுவாக இருந்தாலும், அந்த ஐந்து தென் மாநிலங்களின் வெள்ளையின வாக்காளர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் நண்பரின் கதையில் வேறு வகையான வெட்டு இருக்கிறது. அவர் காலத்தைச் சுருக்கிவிடுகிறார். 1964 சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சிச் செனட்டர்கள் 21 பேரில் பின்னர் குடியரசுக் கட்சிக்கு மாறியவர் தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் ஒருவர் மட்டுமே. ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரசல், மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் ஆகியோர் இறுதிவரை ஜனநாயகக் கட்சியினராகவே இருந்தார்கள். இளமையில் கிளான் உறுப்பினராக இருந்து, பிறகு அதற்காகப் பலமுறை வருந்திய மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட், 2010இல் இறக்கும்வரை அதே கட்சியின் செனட்டர்.

மாறியவர்கள் தலைவர்கள் அல்லர், வாக்காளர்கள். அந்த மாற்றம் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீண்டது. கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சிக்கு வந்தது 1936இல், ரூஸ்வெல்ட் காலத்தில். 1948இல் அக்கட்சியின் அதிபர் ட்ரூமன் படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்க ஆணையிட்டார். கட்சி மாநாடும் குடிமை உரிமைகளை ஏற்றது. உடனே தர்மண்ட் தலைமையில் ஒரு பிரிவு தனியாக நின்று நான்கு தென் மாநிலங்களை வென்றது. 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தனிக் கட்சியாக நின்று ஐந்து மாநிலங்களை வென்றார். 1976இல் ஜிம்மி கார்ட்டர், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக, அந்த 11 மாநிலங்களில் வர்ஜீனியா தவிர மற்ற அனைத்தையும் மீட்டார். தாவல் 1964லேயே முடிந்துவிட்டது என்பவர்கள் இந்தத் தேர்தலைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிரதிநிதிகள் சபையின் தென்னக இடங்களில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது 1994இல்தான். அலபாமா சட்டமன்றம் அக்கட்சியின் கைக்கு வந்ததோ 2010இல், 136 ஆண்டுகளுக்குப் பிறகு.

இடமாற்றமே கட்டுக்கதை என்பாருக்கு ஒரே ஒரு விடை போதும். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்த கென் மெல்மன், 2005இல் கறுப்பினத்தவரின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநாட்டுக்கே சென்று, இனப் பிளவைப் பயன்படுத்தித் தம் கட்சியினர் சிலர் அரசியல் ஆதாயம் தேடியது தவறு என்று ஒப்புக்கொண்டார். நடக்காத ஒன்றுக்கு எந்தக் கட்சித் தலைவரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஒரு பின்குறிப்பு. உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைகளுக்காக நடந்தது என்ற பழைய கதையையும் யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். பிரிந்து சென்ற மாநிலங்கள் தாமே வெளியிட்ட ஆவணங்களைப் படியுங்கள். தம் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று மிசிசிப்பியின் பிரகடனம் தொடக்கத்திலேயே சொல்கிறது. அம்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவான்னா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தம் புதிய அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். தோற்ற பிறகுதான் "மாநில உரிமை" முன்னுக்கு வந்தது. 1894இல் தொடங்கப்பட்ட தென்னக மகளிர் சங்கம் ஒன்று அதைப் பள்ளிப் பாடநூல்களிலும் சிலைகளிலும் தலைமுறைக் கணக்கில் பதித்தது. போருக்கு முன் இதே தென் மாநிலங்கள்தான், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் 1850ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைக் கேட்டுப் பெற்றன. அப்போது வட மாநிலங்களின் உரிமை யாருக்கும் நினைவில் இல்லை.

சட்டவாசகர்:

பற்பசைக் கேள்விக்கு நான் முயல்கிறேன். வணிக விளம்பரத்தின் பொய்யைக் கூட்டாட்சி வணிக ஆணையம் தண்டிக்க முடியும். அரசியல் பேச்சு அதன் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவின்படி, வேட்பாளர் தாமே தரும் விளம்பரத்தை வானொலி நிலையமோ தொலைக்காட்சி நிலையமோ தணிக்கை செய்யவே கூடாது. 1972இல் ஜே. பி. ஸ்டோனர் என்ற இனவெறியர் ஜார்ஜியாவில் செனட்டுக்குப் போட்டியிட்டபோது, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் விளம்பரங்களை ஒளிபரப்பச் செய்தார். தடுக்கக் கோரிய முறையீட்டைத் தகவல் தொடர்பு ஆணையம் ஏற்க மறுத்துவிட்டது. வேட்பாளர் அல்லாத வெளிக்குழுக்கள் தரும் விளம்பரங்களை நிலையங்கள் மறுக்கலாம். ஆனால் மறுத்தால் வருமானம் போகும்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் இதே திசையில்தான் செல்கிறது. 1964இல் வந்த நியூயார்க் டைம்ஸ் எதிர் சலிவன் தீர்ப்பே ஓர் அரசியல் விளம்பரத்திலிருந்து பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் ஆதரவாளர்கள் 1960இல் வெளியிட்ட அந்த விளம்பரத்தில், மாணவர்கள் எந்தப் பாடலைப் பாடினார்கள் என்பது போன்ற சிறு பிழைகள் இருந்தன. மான்ட்கமரி நகர ஆணையர் சலிவன் வழக்குத் தொடுக்க, அலபாமா நடுவர்கள் 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது பொய்யா மெய்யா என்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல் சொன்னார் என்று நிரூபித்தாலன்றி, பொது அதிகாரி ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல முடியாது என்ற விதி அன்று வந்தது. நல்ல நோக்கத்தோடு கட்டிய அந்தச் சுவரின் நிழலில் பொய்யர்களும் இளைப்பாறுகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. தேர்தல் பிரச்சாரத்தில் பொய் சொல்வதைக் குற்றமாக்கிய ஒஹாயோ மாநிலச் சட்டமும் 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. எது பொய் என்பதை ஆளும் அரசே தேர்தல் நேரத்தில் தீர்மானிப்பது பொய்யைவிட ஆபத்தானது என்பதே இந்தத் தீர்ப்புகளின் அடிப்படை. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு.

பெயர் குறிப்பிட்டு ஒரு நிறுவனத்தைக் கெடுத்தால் கதை வேறு. 2020 தேர்தலில் தன் இயந்திரங்கள் வாக்குகளை மாற்றியதாகச் சொன்னதற்காக டொமினியன் நிறுவனம் வலதுசாரிச் செய்தி அலைவரிசையான ஃபாக்ஸ் நியூஸ் மீது தொடுத்த வழக்கில், அந்தக் கூற்றுகள் எதுவும் உண்மையல்ல என்று விசாரணைக்கு முன்பே நீதிபதி முடிவு செய்தார். 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. திரையில் ஒன்றும் தமக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளில் வேறொன்றுமாக அத்தொலைக்காட்சியினர் பேசியது அந்த வழக்கில்தான் வெளிவந்தது.

இடதுசாரிகளிடையே உலவும் ஒரு கதையையும் இங்கே திருத்திவிடுகிறேன். எதிரெதிர்க் கருத்துகளுக்கு இடமளிக்க வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டின் நடுநிலை விதியை ரீகன் காலத்தில், 1987இல், ஆணையம் கைவிட்டதால்தான் ஃபாக்ஸ் நியூஸ் பிறந்தது என்பார்கள். அந்த விதி அரசு உரிமம் பெற்று வான்வழி அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையங்களைக் கட்டுப்படுத்தியதே தவிர, 1996இல் தொடங்கிய ஃபாக்ஸ் போன்ற கேபிள் அலைவரிசைகளை அது கட்டுப்படுத்தியிருக்காது. வானொலி உரையாளர் ரஷ் லிம்பாவின் எழுச்சிக்கு அது வழிவிட்டது என்றால் ஏற்கலாம்.

புதுவாக்காளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தெற்கு, வடக்கு என்று பிரித்த அந்தக் கணக்கை இருவரிடமும் காட்டினேன். இருவரும் மறுக்கவில்லை, "சுவையான தகவல்" என்றார்கள். ஆனால் அடுத்த நாளே ஒவ்வொருவரும் பழைய வாதத்தையே வேறு எடுத்துக்காட்டோடு தொடர்ந்தார்கள். அப்படியானால் இவர்கள் உண்மையிலேயே இவற்றை நம்புகிறார்களா, அல்லது தம் கட்சிக்காகச் சொல்கிறார்களா?

கணக்காய்வாளர்:

இதே கேள்வியை அரசியல் அறிவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து பார்க்கிறார்கள். 1980இல் 13.5 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1988இல் ஏறத்தாழ 4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டு எடுத்த தேசியத் தேர்தல் ஆய்வில், தீவிர ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனின் ஆட்சியில் பணவீக்கம் மோசமாகிவிட்டது என்றார்கள். 1996இல் நிலைமை தலைகீழ்: ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டனின் ஆட்சியில் நிதிப் பற்றாக்குறை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தும், அது கூடிவிட்டது என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் ஏராளம். லாரி பார்ட்டல்ஸ் இவற்றைத் தொகுத்து எழுதியிருக்கிறார். இவை ஒவ்வொரு வீட்டின் செலவையும் தொட்ட விவகாரங்கள், எங்கோ நடந்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 2017 ஜனவரியில் நடந்த ஒரு சோதனை. ஒபாமா 2009இல் பதவியேற்றபோதும் டிரம்ப் 2017இல் பதவியேற்றபோதும் எடுத்த இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் கூட்டம் அதிகம் என்று மட்டும் கேட்டார்கள். கண் இருப்பவர் எவரும் தவறவிட முடியாத வேறுபாடு அது. ஆனாலும் டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 15 விழுக்காட்டினர், வெற்றிடம் தெரியும் டிரம்ப் விழாப் படத்தையே சுட்டினார்கள். ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 விழுக்காடு. அந்த 15 விழுக்காட்டினரின் கண்ணில் கோளாறு இல்லை. கேள்வி யாருக்கு எதிரானது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வேறோர் ஆய்வில், சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னதும், இரு கட்சியினரின் விடைகளுக்கு இடையிலான இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கியது. ஆக, கருத்துக்கணிப்பில் காணும் "நம்பிக்கை"யில் ஒரு பகுதி வெறும் கோஷம்.

முழுவதும் கோஷம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2020 தேர்தல் முடிவை எதிர்த்து 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடந்த தாக்குதல் தொடர்பாக 1,500க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது. கோஷத்துக்காக மட்டும் மனிதர்கள் சிறை செல்லத் துணிவதில்லை.

ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எதிர்க்கட்சியினர் யார் என்ற கற்பனையை அளந்தது. ஜனநாயகக் கட்சியினரில் எத்தனை பேர் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி 32 விழுக்காடு. உண்மை சுமார் 6. குடியரசுக் கட்சியினரில் எத்தனை பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுகிறார்கள் என்றதற்குச் சொன்ன சராசரி 38. உண்மை சுமார் 2. அரசியல் செய்திகளை அதிகம் பின்தொடர்பவர்களிடம் இந்தப் பிழை குறையவில்லை, கூடியது. உங்கள் இரு நண்பர்களும் நாள்தோறும் செய்தி பார்ப்பவர்கள் என்றால் வியப்படைய ஒன்றுமில்லை.

திருத்தினால் பிடிவாதம் கூடும் என்று ஒரு காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. 2010இல் வந்த ஓர் ஆய்வு அதற்குக் காரணம். பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட விவகாரங்களில் அதே சோதனையை நடத்திய தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் ஆகியோர் அப்படி ஒரு விளைவைக் காண்பது அரிது என்று கண்டார்கள். மக்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். வாக்கை மட்டும் மாற்றுவதில்லை. "சுவையான தகவல்" என்று உங்கள் நண்பர்கள் சொன்னது ஏறத்தாழ இந்த முடிவேதான்.

மறுதரப்பு:

நான் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியவர்கள் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டுக்கதை என்றால் அது ஃபாக்ஸ் நியூஸில் பிறப்பது என்ற தொனி ஓரளவு தெரிகிறது. மதிப்புக்குரியவை என்று பெயர் பெற்ற இடங்களிலிருந்தும் அவை வருவதுண்டு.

2020 அக்டோபரில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினி பற்றிய செய்தி வெளிவந்தபோது, முன்னாள் உளவுத்துறை அதிகாரிகள் 51 பேர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டார்கள். ரஷ்யத் தகவல் நடவடிக்கைக்கு உரிய அடையாளங்கள் இதில் உள்ளன என்று எழுதிய அவர்கள், ரஷ்யாவின் பங்குக்குத் தம்மிடம் சான்று இல்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார்கள். இரண்டாவது வரி காணாமற்போயிற்று. செய்தித் தலைப்பில் அது ரஷ்யப் பொய்ப் பிரச்சாரம் என்றே ஆயிற்று. சில நாள்களில் வேட்பாளர் விவாதத்தில் பைடன் அந்தக் கடிதத்தையே கேடயமாக்கினார். ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பைப் பகிரவிடாமல் தடுத்தது. 2024 ஜூனில் ஹன்டர் பைடன் மீதான துப்பாக்கி வழக்கில் அரசுத் தரப்பே அந்த மடிக்கணினியைச் சான்றாக முன்வைத்தது.

பைடனின் முதுமை குறித்தும் இதுவே நடந்தது. 2024 ஜூனில் இத்தாலியில் ஜி7 மாநாட்டின்போது அவர் வழிதெரியாமல் விலகி நடப்பதுபோலக் காட்டிய காணொலி வெட்டப்பட்டது என்பது உண்மை. அவர் வான்குடையில் இறங்கியவர்களை நோக்கித் திரும்பியிருந்தார், அவர்கள் சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். வெள்ளை மாளிகை இதைச் சரியாகவே கண்டித்தது. ஆனால் அந்த ஒரு காணொலியின் பொய்யைக் காட்டி, முதுமை பற்றிய கவலை முழுவதையுமே பொய்ப் பிரச்சாரம் என்று ஒதுக்கினார்கள். ஜூன் 27 வேட்பாளர் விவாதத்தில் அவர் தடுமாறியதை நாடே பார்த்தது. ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார்.

ஏட்டுச்சுவடி:

மறுதரப்பு நண்பர் சொன்ன இரண்டும் வலுவான எடுத்துக்காட்டுகள். கடிதத்தின் இரண்டாவது வரி மறைந்த விதம், 1964 கணக்கில் தெற்கு மறைந்த விதத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. எஞ்சியிருக்கும் தேர்தல் திருட்டுக் கேள்விக்கு வருகிறேன். இங்கே இரு தரப்பையும் ஒரே தட்டில் வைக்க நான் உடன்படவில்லை.

2004இல் ஒஹாயோ தேர்தல் திருடப்பட்டது என்று ஜனநாயகக் கட்சியினர் பலர் நம்பினார்கள். அதிலும் ஒரு மெய்த்துண்டு உண்டு: கொலம்பஸ் நகரின் சில பகுதிகளில் வாக்கு இயந்திரங்கள் போதாமல் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஆனால் புஷ் பெற்ற முன்னிலை 1,18,000க்கும் மேல். தோற்ற ஜான் கெர்ரி மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். 2005 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒஹாயோ முடிவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் சபையில் 31 பேர், செனட்டில் ஒரே ஒருவர். 2016இலும் ஹிலாரி கிளின்டன் மறுநாளே ஒப்புக்கொண்டார். ரஷ்யா வாக்கு எண்ணிக்கையையே மாற்றியது என்று பிறகு நம்பிய தொண்டர்கள் உண்டு, அதற்குச் சான்று இல்லை என்று செனட்டின் உளவுக் குழு இரு கட்சி உறுப்பினர்களையும் கொண்டு ஆராய்ந்து சொன்னது.

2020இல் கதையைத் தொடங்கியவரும் தொடர்ந்தவரும் தோற்ற வேட்பாளர் டிரம்பே. அவருடைய சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பார், முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி காணப்படவில்லை என்று டிசம்பர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச் சீட்டுகளைக் கையால் எண்ணியபோதும் வென்றவர் மாறவில்லை. அரிசோனாவில் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட மாநிலச் செனட்டே அமர்த்திய தனியார் நிறுவனம் மரிகோபா மாவட்டத்தில் மீண்டும் எண்ணியதில், பைடனுக்கு 99 வாக்குகள் கூடின, டிரம்புக்கு 261 குறைந்தன. இத்தனைக்கும் நடுவே, 2021 ஜனவரி 6 இரவில், கட்டடம் தாக்கப்பட்ட பிறகும், பென்சில்வேனியாவின் முடிவை நிராகரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 138 பேரும் செனட்டில் 7 பேரும் வாக்களித்தார்கள். கட்டுக்கதை இரு கட்சித் தொண்டர்களிடமும் உண்டு. அது கட்சித் தலைமையின் அதிகாரபூர்வ நிலைப்பாடாக உயர்ந்தது ஒரு கட்சியில்தான். மறுதரப்பு நண்பர் இதை மறுத்தால் அவருடைய வாதத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

மறுதரப்பு:

மறுக்கவில்லை. அந்த 138 பேரில் எனக்கு வாக்குக் கேட்டு வந்தவரும் ஒருவர். அடுத்த முறை உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக வாக்களித்தேன். அவரே வென்றார்.

புதுவாக்காளர்:

என் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சிறு சந்தேகம்: பிரதிநிதிகள் சபையின் கணக்கை நீங்கள் 290க்கு 130 என்று தந்தீர்கள். என் நண்பர் 289க்கு 126 என்ற எண்ணைக் காட்டுகிறார். இரண்டில் எது சரி?

ஏட்டுச்சுவடி:

இரண்டும் சரி. முதலாவது, சபை தன் வடிவத்தை நிறைவேற்றிய 1964 பிப்ரவரி 10ஆம் நாளின் வாக்கெடுப்பு. செனட் மாற்றங்களோடு ஜூன் 19 அன்று நிறைவேற்றி அனுப்பிய வடிவத்தை ஜூலை 2 அன்று சபை ஏற்றபோது பதிவானது 289க்கு 126. லிண்டன் ஜான்சன் அன்று மாலையே கையெழுத்திட்டார். இரண்டாம் வாக்கெடுப்பில் ஜனநாயகக் கட்சியினர் 153க்கு 91, குடியரசுக் கட்சியினர் 136க்கு 35. ஆகவே அந்த எண்ணைக் காட்டியதற்காக உங்கள் நண்பரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தெற்கையும் வடக்கையும் பிரித்துக் காட்டும்படி மட்டும் கேளுங்கள்.